ஐந்தாம் இலக்கம்

புறக்கோட்டையில் ஏறி, ஹங்வெல்லவில் இறங்கி,
இன்னொரு பஸ்ஸில் நின்றபடியே
காட்டின் வாசலுக்கு வந்தபோது ஒன்பதரை.
பாதை எங்களுக்கு முன்பே நனைந்திருந்தது.

லிஃப்ட் திருத்துபவன் நான்.
முப்பத்தொரு வருடமாகக்
கொழும்பின் உயரங்களை உள்ளேயிருந்து அறிந்தவன்.
கணக்குப் பிரிவு ஃபஸ்மினா பெயர் எழுத வந்தபோது
‘மரம் பார்க்கவா, நானா?’ என்றேன்.
‘அண்ணாந்து பார்த்துப் பழகிய ஆள்
கந்தோரில் நீங்கள் மட்டும்தானே’ என்றாள்.

காவற்குடிசையில் குலதிலக்க
ஒரு கொப்பியை நீட்டினார்.
ஏழு பழைய மரங்கள், ஏழு கட்டங்கள்;
பார்த்துப் பார்த்து ஒப்பமிட வேண்டும்.
காலுக்கு உப்பும் சவர்க்காரமும் தந்தார்.
அட்டைகள் இரண்டையும் மதிக்கவில்லை.

ஒன்று, நா மரம்.
உச்சியில் தளிர் முழுக்கச் சிவப்பு,
யாரோ மேலே வெற்றிலை துப்பிவிட்டுப் போனதுபோல.

இரண்டு, ஹொர.
நிமிர்ந்தேன்; தொப்பி பின்னால் விழுந்தது.
முதல் கிளையே எட்டாம் மாடியில்
(கண்ணால் சொல்வேன், பிழைக்காது).
கயிறில்லை, எதிர்ப்பாரமில்லை, மோட்டார் அறையுமில்லை.
ஆனாலும் தண்ணீர்
சத்தம் போடாமல் ஏறிக்கொண்டிருக்கிறது
கடைசி இலை வரை.
காதை வைத்துக் கேட்டேன்.
எறும்பு கடித்தது.

மூன்றாவதை ஃபஸ்மினாவும் களஞ்சிய லயனலும் நானும்
கைகோத்து வளைத்தோம். எட்டவில்லை.
குலதிலக்கவைக் கூப்பிட்டோம்.
மறுபக்கம் குளவிக்கூடு என்றார்,
இருந்த இடத்திலிருந்தே.

நாலாவதின் வேர்ச்சுவர்களுக்கு நடுவே
மாலுபாண் சாப்பிட்டோம்.
இலைகளுக்கு அப்பால் தகரம்போல் மினுங்கியது நீர்த்தேக்கம்.
‘கொழும்புக் குழாய்க்கும் இதுதான்’ என்றார் லயனல்.
இரவு வேலை முடிந்து
கொட்டாஞ்சேனைக் குழாயடியில்
வாய்வைத்துக் குடித்த நாட்களை எண்ணப் பார்த்தேன்.
விட்டுவிட்டேன்.

ஐந்தாம் இலக்கத்துக்குப் பலகை இருந்தது.
மரம் இல்லை.
போன வைகாசி மழையில் சாய்ந்ததாம்.
பள்ளத்தின் குறுக்கே கிடந்தது,
நுனிவரை நடக்க நாற்பத்திரண்டு எட்டு.
அநியாயம் என்றார்கள், படம் எடுத்தார்கள்.
நான் வழக்கம்போல மேலே பார்த்தேன்.

நாலு பக்கமும் இலைச்சுவர்.
நடுவில் ஒன்றுமேயில்லை.
வானத்திலிருந்து தரைவரை
நேராக இறங்கி நிற்கும் வெளிச்சம்.
பெட்டி இல்லாத லிஃப்ட் கிணறு.

என் தொழிலில் இதைவிடப் பயம் வேறில்லை.
கதவு திறக்கும், உள்ளே தளம் இருக்காது.
மருதானைக் கட்டடத்தில் பேர்னார்ட்
ஏதோ பகிடி சொல்லிக்கொண்டே
காலை எடுத்து வைத்தான்.
பகிடியின் முடிவு இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளிச்சத்தின் ஓரத்தில் நின்றேன்.
வலது காலை மட்டும் உள்ளே வைத்துப் பார்த்தேன்.
ஈரமண். தாங்கியது.

சுற்றிலும் கன்றுகள்,
விரலளவில், முழங்காலளவில், நெருக்கியடித்து.
நிழலுக்குள் பத்துப் பதினைந்து வருடமாக
இதே உயரத்தில் நின்றவையாம்;
மரம் விழுந்த பிறகுதான் சில இடுப்பைத் தொட்டனவாம்.
‘உச்சிக்குப் போவது ஒன்று. மிஞ்சினால் இரண்டு.’
மற்றவை? என்றேன்.
குலதிலக்க கொப்பியை நீட்டினார்.

ஐந்தாம் கட்டத்தில் ஃபஸ்மினா கோடு இழுத்திருந்தாள்.
லயனல் ‘விழுந்துவிட்டது’ என்று எழுதித்
திகதியும் போட்டிருந்தார்.
நான் ஒப்பமிட்டேன்; பார்த்தேன்தானே.
பிறகு கை பழக்கதோஷத்தில்,
பராமரிப்பு அட்டையில் மாதாமாதம் எழுதுவதை
அதன் பக்கத்தில் எழுதிவிட்டது:
‘இயங்குகிறது.’

அழிக்க றப்பர் கேட்டேன். அவரிடம் இல்லை.

ஆறும் ஏழும் மழையில் சரியாகத் தெரியவில்லை.
இருந்தும் ஒப்பமிட்டோம்.

வீட்டில் சப்பாத்தைக் கழற்றியபோது
கணுக்காலில் ஓர் அட்டை,
கொட்டாஞ்சேனை வரை இலவசமாக வந்து
வயிறு நிறைந்து
தானாகவே கழன்று விழுந்தது.
குழாயைத் திறந்து
அந்தத் தண்ணீராலேயே காலைக் கழுவினேன்.